டயர்ச் செருப்பு

கன்னியாகுமரிக் கடற்கரையில் கூடாரம் போட்டுத் தங்கி, விடிந்ததும் மருந்துவாழ் மலை ஏறுவதென்று பி.ஏ. முடித்த குருவம்மாள் திட்டம் போட்டாள். அம்மா வேலை பார்த்த பட்டாசு ஆலையின் வாசலுக்குப் போய், அங்கிருந்த பெண்களையும் கூப்பிட்டாள்.

"லீவு கேட்டா வேலையில்லம்பாக ஆத்தா. சீசன் வேற," என்றாள் மாரித்தாய்.

"எங்கம்மாவும் இப்பிடிச் சொல்லிச் சொல்லித்தான் கடலப் பாக்காமச் செத்தா. இனிக் கேக்கப் போறதில்ல மதினி, போறோம்."

தீப்பொறிக்குப் பயந்து ஆலைக்குள் யாரும் செருப்போடு போவதில்லை. போன வருஷம் வெடிவிபத்தில் செத்த அம்மாவின் டயர்ச் செருப்பு, அன்று கழற்றிப்போட்ட ஆலை வாசல் வேம்படியிலேயே கிடந்தது. அதையாவது கடலுக்குக் கொண்டுபோகலாமென்று குருவம்மாள் குனிந்தாள்.

மழை பெய்து மாதங்களாகியிருந்தன. செருப்பு நனைந்திருந்தது. வாரில் கடல் மணலும் சிப்பித் துண்டும் ஒட்டியிருந்தன.

வேலைக்குப் போகிறவள் அப்போதுதான் கழற்றிவிட்டதுபோல, இரண்டும் ஆலையைப் பார்த்துக் கிடந்தன.