நாலு சீட்டு

“கட்டடம் கட்டப் போறாளாம் உங்க பொண்ணு! கேட்டீங்களா?”

“ம்” என்றது பேப்பர். அதற்குப் பின்னால் கணவர் இருந்தார்.

“சிவில் படிச்சா வெயில்ல நின்னு செங்கல் எண்ணணும்டி. கம்ப்யூட்டர்னா ஏசி ரூம். எதிர்வீட்டு அண்ணனைப் பாரு!”

“இருபத்தஞ்சு வயசுல கழுத்து வலிக்குப் பட்டை மாட்டிக்கிட்டு நடக்கிறாரே, அதையும் பார்த்துட்டுதாம்மா சொல்றேன்.”

காலேஜ் விண்ணப்பத்தை மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். இப்போதே மணி மூன்று.

“உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம். அந்தக் காலேஜ்ல இருக்கிற நாலு பிரிவுக்கும் சீட்டு எழுதி சாமி முன்னாடி வைக்கிறேன். எது வருதோ அதைப் படி. அப்புறம் யாரும் பேசக் கூடாது!”

மகளின் முகம் சுருங்கிவிட்டது. அப்பாவைப் பார்த்தாள். பேப்பர் அசையவில்லை.

‘பெத்த பொண்ணுக்காக வாயைத் திறக்காத மனுஷன்!’ என்று நினைத்துக்கொண்டாள் அம்மா. இன்றைக்கு அதுவும் நல்லதாகத்தான் போயிற்று.

அடுப்படியில் உட்கார்ந்து நாலு சீட்டு எழுதினாள். நாலிலும் ‘கம்ப்யூட்டர்’. சாமிக்கு ஆயிரம் வேலை. கூடமாட ஒத்தாசை செய்தால் தப்பா என்ன? மடித்து டப்பாவில் போட்டு, சாமி படத்தின் முன் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். குளிக்கும்போது வழக்கத்தைவிடச் சத்தமாகவே தோத்திரம் சொன்னாள்.

ஈரத் தலையோடு வந்து நின்றாள்.

“நல்லா வேண்டிக்கிட்டு எடும்மா.”

மகள் ஒன்றை எடுத்தாள். பிரித்தாள். துள்ளினாள்.

“சிவில்!”

அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “எ... எதுக்கும் இன்னொரு தடவை...”

“யாரும் பேசக் கூடாதுன்னு நீதானே சொன்னே!” கன்னத்தில் ஒரு முத்தம் வைத்துவிட்டு, விண்ணப்பத்தை அனுப்ப உள்ளே ஓடினாள் மகள்.

மீதி மூன்று சீட்டையும் பிரித்தாள் அம்மா. சிவில். சிவில். சிவில். எல்லாமே கணவரின் கோணல் கையெழுத்து.

“என்னங்க இது? சாமி முன்னாடியே ஏமாத்து வேலையா?”

அவள் பார்க்க, அன்று முதல் தடவையாகப் பேப்பர் கீழே இறங்கியது.

“இவளுக்குப் பேர் வைக்கிறப்பவும் நாலு சீட்டு போட்டியே, நாலுலயும் ஒரே பேருதான். அன்னைக்கே பிரிச்சுப் பார்த்துட்டேன். பேருதானேன்னு விட்டுட்டேன். இது அவ வாழ்க்கையாச்சேம்மா!”