கார்பெண்டர் வீட்டு ஜன்னல்

"இன்னும் ஒரு மழை போகட்டும் சார். அப்புறம் எந்தப் பட்டைன்னு சொல்றேன்."

கார்பெண்டர் போனில் இதைச் சொல்வது மூன்றாவது தடவை. ஸ்டோர் கீப்பருக்குச் சுருக்கென்றது.

அவர் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. ஆனால் முப்பது வருஷம் தொழிற்சாலை ஸ்டோரில் உட்கார்ந்து, சீட்டு இல்லாமல் ஒரு ஆணிகூட வெளியே போகாமல் காவல் காத்தவர். சந்தேகம் அவர் கூடவே பிறந்தது. வீட்டில் சர்க்கரை டப்பா இடம் மாறினால்கூட விசாரணை நடக்கும்.

இப்போதைய விவகாரம் வெளி ஜன்னல்கள். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே இடுக்கை மூட அடித்திருந்த நீளமான மரத்துண்டுப் பட்டை உளுத்துப்போய், மழைத்தண்ணீர் இடுக்கு வழியாகச் சுவருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. படுக்கையறைச் சுவரில் ஈரம் காயவே இல்லை. மனைவிக்கு இருமல் விடவில்லை.

இனி அசல் மரம் வேண்டாம், மரத்தூளையும் சீவலையும் பசை போட்டு அழுத்திச் செய்கிற எஞ்சினியர்டு வுட் பட்டையே போடலாம் என்று முடிவானது. கடையில் இரண்டு வகை இருந்தது. கடைக்காரர் இரண்டாவதைத் தட்டிக் காட்டி, "பத்து வருஷம் கேரண்டி சார். கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க," என்றார்.

கார்பெண்டர் மட்டும் பிடிகொடுக்கவில்லை. வகைக்கு ஒரு பட்டை வாங்கித் தரச் சொல்லி, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று தூக்கிக்கொண்டு போனார். பழக்க தோஷம், ஸ்டோர் கீப்பர் இரண்டின் ஓரத்திலும் ஒன்று, இரண்டு என்று பேனாவில் எண் போட்டுத்தான் கொடுத்தார்.

போனது போனதுதான். இரண்டு மாசமாகப் பட்டையும் வரவில்லை, பதிலும் வரவில்லை.

"காரணம் இல்லாம இழுக்கிற ஆள் இல்லைங்க அவர்," என்றாள் மனைவி, இருமலுக்கு நடுவே.

"உனக்கு ஊர்ல எல்லாரும் நல்லவங்கதான்."

கடைக்காரரிடம் போய்ப் புலம்பினார். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒரு பட்டையில ரெண்டு மாசமா பார்க்கிறதுக்கு என்ன சார் இருக்கு? வேற கடையோட பேசிக்கிட்டிருப்பான். விட்டுத் தள்ளுங்க. நம்ம ஆளை அனுப்புறேன், நாளைக்கே அடிச்சு முடிச்சுடுவான்."

சொல்லச் சொல்ல, தன் மனசில் இருப்பதையே இன்னொருவர் வாய் திறந்து பேசியது போல இருந்தது ஸ்டோர் கீப்பருக்கு. பன்னிரண்டு ஜன்னலுக்கும் இரண்டாம் வகையையே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, நேரே கார்பெண்டர் வீட்டுக்குக் கிளம்பினார். பட்டைகளை வாங்கிக்கொண்டு, இனி வேலைக்கு வரவேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும். போன் செய்யவில்லை. சொல்லிவிட்டுப் போனால் ஆள் உஷாராகிவிடுவார் அல்லவா?

பஸ் டிப்போவுக்குப் பின்னால் குறுகலான தெரு. வாசலில் நின்றதுமே கண்ணில் பட்டுவிட்டது. முன்பக்க ஜன்னலின் இரண்டு பக்கமும் பட்டை அடித்திருந்தது. ஓரத்தில் அவர் கையெழுத்திலேயே எண்.

அப்படியா சங்கதி! ஊரான் பட்டையில் தன் ஜன்னலுக்கு அலங்காரமா?

துணி உலர்த்திக்கொண்டிருந்த கார்பெண்டரின் மனைவி திரும்பிப் பார்த்தாள். அவர் வேலைக்குப் போயிருக்கிறார், நீங்கள் யார் என்று கேட்டாள். ஸ்டோர் கீப்பர் சொல்லவில்லை. விசாரணையில் முதலில் பேசக் கூடாது என்பது அவர் வழக்கம்.

"இந்தப் பட்டை யாரோடது?"

"ஒரு சார் வீட்டுக்கு வாங்கினதாம். இந்தப் பக்கம்தான் மழை நேரா அடிக்கும், அதான் இங்கேயே அடிச்சு வச்சிருக்கார். ஒவ்வொரு மழைக்கும் அப்புறம் கட்டைவிரலால அமுக்கிப் பார்ப்பார். அந்த வீட்டம்மா இருமிக்கிட்டே இருக்காங்களாம். தப்பானதை அடிச்சுட்டா மறுபடியும் சுவர்ல தண்ணி இறங்கிடும்னு பயம் இவருக்கு."

ஸ்டோர் கீப்பர் கிட்டே போய்ப் பார்த்தார். ஒன்றாம் எண் வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது. இரண்டாம் எண் டீயில் நனைத்த ரஸ்க் போல அடியில் உப்பியிருந்தது. அமுக்கினார். விரல் உள்ளே போயிற்று.

அப்போதுதான் வீட்டின் மற்ற ஜன்னல்களைப் பார்த்தார். ஒன்றைப் போல இன்னொன்று இல்லை. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு தினுசுப் பட்டை. உப்பினது, உரிந்தது, பிளந்தது.

அவருக்கு வெட்கமாக இருந்தது. முப்பது வருஷம் வெளியே போகிற ஒவ்வொரு பொருளையும் முறைத்துப் பார்த்தவர், உள்ளே வந்த சரக்கை ஒரு நாளும் இப்படி அமுக்கிப் பார்த்ததில்லை.

"நல்லதா தேறினதுல ஒண்ணை உங்க வீட்டுக்கு வச்சுக்கக் கூடாதாம்மா?" என்றார், குரல் இறங்கிப்போய்.

அவள் ஈரத்துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

"நல்லதுன்னு தெரிஞ்ச அன்னிக்கே கழட்டிக்கிட்டுப் போய் அவங்கவங்க வீட்டுல அடிச்சுடுவாரே சார். எங்க சுவருக்கு மிஞ்சுறது ஊறி வெடிச்சது மட்டும்தான்."