மனசார மாப்பு

"ஏணியில ஏறி வயர் இழுக்கிற பொம்புள என்ட மகனுக்குத் தேவல்ல" என்று, பேசி முடித்த நிக்காஹ்வை முறித்தவர் நெய்னார். இப்போது எத்தாளையில் அவர் கட்டிய ஹோட்டலுக்கு அந்தப் பெண் ருஷ்தாதான் நெட்வேர்க் கேபிள் போட வேண்டியிருந்தது. கரையோரம் முழுக்கப் புது ஹோட்டல்கள். வேறு ஆள் கிடைக்கவில்லை.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள், மனம் நோகடித்தவர்களிடம் மாப்புக் கேட்டு மன்னிப்புப் பெற்றுத்தான் போவார்கள். அந்த வருடம் நெய்னாரின் முறை. ஏணியடியில் வந்து நின்றார்.

"அண்டைக்குச் சொன்னத மாப்புச் செய்யுங்க மகள்."

"முதல்ல வேல முடியட்டும் மாமா."

கேபிள்களெல்லாம் சுவருக்குள் போய், பூச்சும் பெயின்ட்டும் காய்ந்த பிறகு அவளே வந்தாள்.

"இப்ப மனசார மாப்புச் செஞ்சிட்டேன்" என்று சிரித்தாள்.

அவள் போனதும் நெய்னார் சுவர்களைத் தட்டித் தட்டிப் பார்த்தார். இத்தனை காலம் ஆறாத கோபம் இன்றைக்கு எப்படி ஆறியது? சுவருக்குள் என்னத்தைச் செய்து வைத்தாள்? எல்லா அறையிலும் இன்டர்நெட் பறந்தது. அதுவும் அவருக்குப் பயமாகவே இருந்தது. திறப்பு விழாவுக்கு முந்திய வாரம் மேசனைக் கூப்பிட்டுச் சுவர்களை உடைப்பித்தார்.

ஒவ்வொரு கேபிளும் இலக்கம் ஒட்டி, பிசகில்லாமல் கட்டப்பட்டிருந்தது. உளி பட்ட இடங்களில் மட்டும் அறுந்து கிடந்தது.

நெய்னார் அவளுக்குப் போன் எடுத்தார். "மகள், உள்ளுக்க நீங்க ஒண்டுமே செய்யல்லயா?"

"இல்ல மாமா. நீங்களே உடைப்பீங்க எண்டு தெரியும்."

"நாளைக்கே வந்து திருத்தித் தாங்களேன்."

"தலவில ஹோட்டல்ல வேல கெடக்கு. ஏணியில ஏற வேற பொம்புளயப் பாருங்க."