லூசியானாவில் இறால் காலம்

ஜாஸ்லின் படகில் ஏறி நின்றுகொண்டாள்.

மறுநாள் மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. கரையோரம் கட்டியிருந்த படகுகளை ஒவ்வொன்றாக மந்திரித்துக்கொண்டே வந்த பங்குச் சாமியார், எங்கள் படகுக்கு முன்னால் தீர்த்தச் செம்போடு அப்படியே நின்றுவிட்டார்.

பொம்பளை ஏறிய படகு கடலுக்கு ஆகாது என்பது எங்கள் கரைக்கட்டு. சங்கத் தலைவர் வியாகுலம் அவளை இறங்கச் சொன்னார். இறங்காத வரை இந்தப் படகுக்குத் தீர்த்தம் கிடையாது என்றார்.

மந்திரிக்காத படகில் ஒரு ஆளும் ஏற மாட்டான். ஆள் ஏறாத படகை விற்கத்தான் வேண்டும்.

என் மகன் டேவிட்ராஜைக் கடல் கொண்டுபோன பிறகு, அவன் பெண்சாதி ஜாஸ்லினுக்கும் பிள்ளைக்கும் மிஞ்சியிருப்பது அந்தப் படகு ஒன்றுதான்.

"எறங்க மாட்டேன் சித்தப்பா. நாளைக்கு இந்தப் படகுல வலைய நாந்தான் எறக்குவேன்" என்றாள் வியாகுலத்திடம்.

மருமகளுக்குப் புத்தி சொல்லும்படி வியாகுலம் என்னைப் பார்த்தார்.

நான் லூசியானாவைப் பற்றிச் சொன்னேன்.

அமெரிக்காவில் அது ஒரு மாநிலம். அங்கே மாவட்டம் என்றே ஒன்று கிடையாது. ஒரு சாமியார் பார்க்கிற நம் கோயில் பங்கு மாதிரி, எல்லாம் பங்குகள்தான். மாநிலக் கொடியில் தன் நெஞ்சைக் கொத்திக் குஞ்சுகளுக்கு ரத்தம் கொடுக்கிற கூழைக்கடா இருக்கும். தோண்டினால் தண்ணீர் வருகிற ஊர் என்பதால், செத்தவர்களைத் தரைக்கு மேலேயே கட்டிவைத்திருப்பார்கள். இறால் காலம் தொடங்கும்போது படகுகளைச் சோடித்து, பெண்டு பிள்ளைகள் எல்லாம் ஏறி நிற்பார்கள். சாமியார் அவர்கள் தலையிலும் சேர்த்துத் தீர்த்தம் தெளிப்பார்.

கரையே சிரித்தது.

பாம்பன் பாலத்தை ஒருமுறை என் வள்ளத்துக்காகவே தூக்கினார்கள் என்று சொன்னபோது இவர்கள் சிரிக்கவில்லை. திமிங்கலம் என்னிடம் தனுஷ்கோடிக்கு வழி கேட்டதைச் சொன்னபோது, நான் எந்தப் பக்கம் கை காட்டினேன் என்று விசாரித்தார்கள்.

லூசியானாவை நீர் எப்போது பார்த்தீர் என்றார் வியாகுலம். நான் கமுதியைத் தாண்டியதில்லை, கப்பலில் சமையலுக்குப் போன என் மைத்துனன் பார்த்தான் என்றேன். அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். எனக்கு மைத்துனன் உண்டு என்பதிலேயே பலருக்குச் சந்தேகம்.

ஜாஸ்லின் சிரிக்கவில்லை. இறங்கவும் இல்லை.

சாமியார் அவளையே பார்த்தார். பிறகு அங்கிப் பையிலிருந்து போனை எடுத்து, கொஞ்ச நேரம் விரலால் தேய்த்தார்.

"பெரியவர் சொன்னது நெசந்தான். படமே போட்டுருக்கு."

வியாகுலம் கை நீட்டுவதற்குள் போன் பைக்குள் போய்விட்டது. தீர்த்தம் முதலில் ஜாஸ்லின் தலையில் விழுந்தது, பிறகுதான் படகில்.

எங்கள் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் சிலுவை போட்டுக்கொண்டு ஏறினான். மற்றவர்களும் ஏறினார்கள்.

நான் சாமியாரின் தோளுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். பூசைக்கு முன்பே அணைத்துவைத்த போன் அது. கறுத்துக் கிடந்த கண்ணாடியில் தெரிந்தது அவர் முகமும், அதற்குப் பின்னால் என் முகமும்தான்.

லூசியானாவைப் பற்றி நான் சொன்னது அத்தனையும் உண்மை என்று அவரிடம் இதுவரை சொல்லவில்லை.

வீணாக ஒரு பொய் சொல்லிவிட்டோமே என்று மனுஷன் வருத்தப்படுவார்.