சுத்தமான கரண்ட்

“இன்னும் சாகேல்லை,” என்றார் கனகலிங்கம், ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்தபடி. “நீயே கேட்டுப் பார், துஷாந்தன். உயிரோடைதான் கிடக்குது.”

வீடுகளுக்குப் பாட்டுக் கருவிகள் பூட்டிக்கொடுக்கிற துஷாந்தன், லண்டனின் ஒரு மூலையான ரெய்னர்ஸ் லேனிலிருந்து மறு மூலையான கோலியர்ஸ் வுட்டுக்கு மறுபடியும் வந்திருந்தான். அவனும் முழந்தாளிட்டுக் கேட்டான். பாட்டுக்குப் பின்னால் அந்த இரைச்சல் அப்படியே இருந்தது.

“அங்கிள், புது மெயின்ஸ் வயர் போட்டாச்சு. கரண்டை வடிகட்டுற பெட்டியும் வச்சாச்சு. இனி நான் பவர் ஸ்டேஷன் வாசலிலை போய்த்தான் நிக்கோணும்.”

சுவரிலிருந்து பெட்டிக்கும், பெட்டியிலிருந்து கசற் பிளேயருக்கும் அந்த வயர் மணிக்கட்டுப் பருமனில் வளைந்து கிடந்தது. குசினிக்குள்ளிருந்து வந்த மகள் கௌசி அதைத் தாண்டிக் கால் வைத்தாள்.

“என்னப்பா இது, கப்பல் கட்டுற கயிறோ? அதை விடுங்கோ, பிரிட்ஜை ஆர் ஓஃப் பண்ணினது? அம்மான்ர இன்சுலின் உள்ளை இருக்கு!”

“பிரிட்ஜ் ஓடினால் கரண்ட் அழுக்காகுதாம்.”

“ஆர் சொன்னது?”

கனகலிங்கம் துஷாந்தனைப் பார்த்தார். துஷாந்தன் முகட்டைப் பார்த்தான். கௌசி திரும்பிப் போய் பிரிட்ஜைப் போட்டுவிட்டு வந்தாள்.

ஜன்னலோரக் கட்டிலில் கனகலிங்கத்தின் மனைவி பாலாம்பிகை சாய்ந்திருந்தாள். ஸ்ரோக் வந்து ஒரு பக்கம் விழுந்த நாளிலிருந்து அவள் ஒரு சொல்லும் பேசவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண்ணும், பழகிய பாட்டைப் போட்டுப் பாருங்கள், சிலருக்கு அதில் பேச்சுத் திரும்பும் என்று கடைசியாகச் சொல்லிவிட்டு வருவதை நிறுத்திவிட்டாள்.

பாலாம்பிகைக்குப் பழகியது ஒரேயொரு கசற்தான். தொண்ணூற்றிரண்டில், யாழ்ப்பாணத்து வீட்டில், பள்ளிக்கூடப் போட்டிக்காக அவள் பாடிப் பழகியதைத் தம்பி ரூபன் பதிந்து வைத்தது. அந்த ரூபன் பிறகு காணாமற் போய்விட்டான். அவனுடைய படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கசற்றிலும் அவன் குரல் இல்லை.

கனகலிங்கம் எண்பத்துமூன்றிலேயே ஜெர்மனிக்குப் போய், அங்கிருந்து லண்டனுக்கு வந்தவர். ஊரில் பின்னால் நடந்த போரெல்லாம் அவருக்குச் செய்திதான். பாலாம்பிகையும் அந்த வருஷங்களைப் பற்றி வாய் திறந்ததில்லை.

அந்த இரைச்சல் பாட்டுக்கு முன்பே தொடங்கிவிடும். சரணத்தில் களைத்ததுபோல் தணியும்; பிறகு விசைகொண்டு எழும். அப்போதெல்லாம் பாலாம்பிகை ஸ்பீக்கர் பக்கம் தலையைச் சரித்துக் கண்ணை இறுக்கி மூடுவாள். கோணிய வாய் துடிக்கும்.

“கொம்மாவைப் பார், காதுக்குள்ளை நுளம்பு பூந்த மாதிரி முகத்தைச் சுழிக்கிறா,” என்றார் கனகலிங்கம். “இந்தச் சனியன் துலைஞ்சால்தான் அவ வாய் திறப்பா.”

“அப்பா, போதும், விடுங்கோ. நீங்கள் சாப்பிட்டே ரெண்டு நாள்.”

“விட்டிட்டு? கலியாணம் கட்டின நாளிலையிருந்து நானும் அவவும் சண்டை பிடிச்சனாங்கள், கௌசி. இப்ப இந்த வீட்டிலை எனக்கு மறுத்துக் கதைக்க ஆளில்லை.” கௌசி அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டாள்.

துஷாந்தன் தன் பையிலிருந்து பற்றரியில் ஓடும் சின்னப் பிளேயர் ஒன்றை எடுத்து, கசற்றை அதில் போட்டுக் கேட்டான். இரைச்சல் அதிலும் வந்தது.

“அங்கிள், உங்கட வீட்டுக் கரண்ட் கோயில் தீர்த்தம் மாதிரிச் சுத்தம். இது கசற்றுக்குள்ளையே இருக்கு. அந்த நேரம் யாழ்ப்பாணத்துக் கரண்ட் சரியில்லைப் போலை, பதியேக்கை சேந்து ஏறியிட்டுது.”

பாரிஸில் பிறந்த பிள்ளை அவன்; அந்தக் கால ஊர் நடப்பு அவனுக்குத் தெரியாது. கனகலிங்கமும் அதை நம்பினார்.

“எடுக்க ஏலுமோ?”

“லப்டொப்பிலை ஏத்தி அரிச்செடுக்கலாம். பாட்டிலை கை படாது.”

“எடு. ஒரு பொட்டும் மிச்சம் விடாதை.”

தேநீர் ஆறி ஆடை கட்டும்வரை துஷாந்தன் லப்டொப்பில் குனிந்திருந்தான். திரையின் அடியில் இரைச்சலைக் காட்டி ஓடிய தடித்த கோடு கொஞ்சங்கொஞ்சமாக மெலிந்து இல்லாமற் போயிற்று. பிறகு அவன் லப்டொப்பை ஸ்பீக்கரோடு இணைத்துப் பாட்டைப் போட்டான்.

அறைக்குள் ஒரு பள்ளிக்கூடப் பெண்ணின் குரல் மட்டும் எழுந்தது. அவள் மூச்செடுப்பதுகூடக் கேட்டது. கனகலிங்கம் வாயைப் பொத்திக்கொண்டார்.

பாலாம்பிகை கண்ணைத் திறந்தாள். வழக்கம்போல் ஸ்பீக்கர் பக்கம் தலையைச் சரித்தாள். பல்லவி முடிந்தது, சரணமும் வந்தது. அவள் கண் மூடவில்லை. சுகமாயிருந்த கையால் போர்வையைத் தள்ளினாள். உதடு அசைந்தது.

“அப்பா! அம்மா கதைக்கப் போறா!”

“க… கரண்ட்,” என்றாள் பாலாம்பிகை.

கனகலிங்கம் கட்டிலடியில் விழாத குறையாக இருந்து அவளுடைய கையைப் பிடித்தார். கண்ணீர் தாடியில் இறங்கியது. “ஓம் அம்பிகை, ஓம்! கரண்டெல்லாம் துப்புரவாக்கியாச்சு. இனி ஒரு சத்தமும் இல்லை!”

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். சொற்களை ஒவ்வொன்றாகக் கிண்டி எடுத்தாள்.

“அங்கை… கரண்டே இல்லை. சைக்கிள் டைனமோவிலைதான்… பதிஞ்சது. ரூபன்… பக்கத்திலை இருந்து… மிதிச்சவன்.”

துஷாந்தனின் கை லப்டொப்பின் மேல் அப்படியே நின்றது. பாட்டு மட்டும் தனியே போய்க்கொண்டிருந்தது. பாலாம்பிகை ஒரு ஸ்பீக்கரிலிருந்து மற்ற ஸ்பீக்கருக்குக் கண்ணால் தேடிவிட்டு, கணவனைப் பார்த்துச் சொன்னாள்:

“இதிலையும் அவனைக் காணேல்லை.”