ஏழாவது பெயர்

போர் நினைவுத்தூணில் பொறித்திருந்த பெயர்களை ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து வந்த துப்புரவுக்காரர், ஏழாவதை மட்டும் விட்டுவிட்டார்.

"அதென்ன பெரியவரே, ஒண்ணை மட்டும் விட்டுட்டீங்க?" என்றார் மேற்பார்வையாளர்.

"அவன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டான் சார்."

"நீங்களும் பட்டாளத்துல இருந்தவராமே?"

"ஆமா சார். குண்டடி பட்டதும் செத்துட்டேன்னு பிணங்களோட படுக்க வெச்சுட்டாங்க. கால் விரல்ல சீட்டு கட்டறப்பதான் முழிச்சேன்."

"பிணங்களோட கிடந்தப்ப எப்படி இருந்துச்சு?"

"நிம்மதியா இருந்துச்சு. முழிச்சப்புறம்தான் சார் வலியெல்லாம்."

வாசலில் கார்கள் வந்து நின்றன. மேற்பார்வையாளர் பதறிப்போய், அவரை வாளியோடு மரத்துக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய், தானும் ஒதுங்கி நின்றார்.

அமைச்சர் மாலை வைத்துவிட்டுப் பெயர்களை வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் அதிகாரிகள் விறைப்பாக சல்யூட் அடித்தார்கள்.

ஏழாவது பெயர் வந்தது.

"உள்ளேன் ஐயா" என்றார் துப்புரவுக்காரர், மெதுவாக.

மேற்பார்வையாளர் திரும்பிப் பார்த்தார்.

"என் பேருதான் சார். எடுக்கச் சொல்லி இருபது வருஷம் அலைஞ்சேன். இப்ப விட்டுட்டேன். அவனுக்காவது வருஷத்துக்கு ஒரு நாள் சல்யூட் அடிக்கறாங்களே."