இரண்டு மடக்கு

"வீடு எங்க ஓடிடப் போவுது? முதல்ல சாப்பாடு" என்றான் ஷுஹ்ரத்.

"பதினோரு வீடு ஓடிடுச்சுங்க" என்றாள் அவன் மனைவி முயஸ்ஸர். "கபாப் கரிஞ்சிருக்குன்னு ஒரு தெருவே வேணாம்னீங்க. சம்சாவுல வெங்காயம் ஜாஸ்தின்னு இன்னொரு தெரு. வெள்ளிக்கிழமை நம்ம வீட்டுக்காரம்மா பையனுக்குக் கல்யாணம். நம்ம ரூம்ல புதுப்பொண்ணு வந்து உக்காந்தா நாம எங்க போறது? சம்சா அடுப்புக்குள்ளயா?"

"தெருவோட குணம் தெருச் சாப்பாட்டுல தெரியும். வீட்டைப் பாக்காதே, பக்கத்து வீட்டைப் பாருன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?"

"பக்கத்து வீட்டைப் பாருன்னாங்க. பக்கத்து ஓட்டலைப் பாருன்னு யாரும் சொல்லலை."

ஷுஹ்ரத் அதைக் காதில் வாங்கவில்லை. மர்கிலானிலிருந்து வேலை மாற்றலாகித் தாஷ்கண்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. மூன்று மாதமாகத் தலைநகரம் அவனுடைய பரிசோதனையில் தோற்றுக்கொண்டே இருந்தது.

பன்னிரண்டாவது வீட்டை முயஸ்ஸர் விடுவதாக இல்லை. படத்தில் பார்த்ததிலிருந்தே அது அவளுடைய வீடு. முற்றத்தில் திராட்சைப் பந்தல், இரண்டு அறை, தனிக் குழாய். அவள் கணக்கு சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடம் ஐந்து நிமிட நடை. போனில் பேசிய வீட்டுக்காரரின் மனைவி, "பச்சைக் கதவு. ரெண்டு மணிக்கு வாங்கம்மா, அவர் அப்பதான் ஓய்வா இருப்பார்" என்றிருந்தாள்.

அதுவரை நேரம் போக வேண்டுமே! அந்த வீடு இருந்த சந்தின் முனையில் நான்கு மேஜையோடு ஒரு புலாவ் கடை இருந்தது. வாசலிலேயே பெரிய கொப்பரை. அதன் முன்னால் கரண்டியோடு ஒரு கனத்த மனிதர்.

"மணி பன்னிரண்டரை. சரியான நேரம்" என்றான் ஷுஹ்ரத். "ஒரு கொப்பரைதான் ஒரு நாளைக்கு. ஒரு மணிக்கு அடி தெரியணும். தெரியலைன்னா அது கடையே இல்ல."

அது உண்மைதான். முதலில் கொழுப்பு காய வேண்டும், பிறகு வெங்காயம், இறைச்சி, மஞ்சள் கேரட், தண்ணீர். மேலே அரிசியைப் பரப்பிவிட்டால் அப்புறம் கிளறக் கூடாது. ஆவி கீழிருந்து ஏறி, ஒவ்வொரு அரிசியையும் தனித்தனியாக வேக வைக்கும். சூடு ஆறினால் எல்லாம் போச்சு. அதனால்தான் யாரும் மாலைக்கு மிச்சம் வைப்பதில்லை.

தட்டுகள் வந்தன. முயஸ்ஸர் பேசாமல் சாப்பிட்டாள். கடைசி அரிசியை ரொட்டித் துண்டால் வழித்தபின் தலைநிமிர்ந்து, கைதேர்ந்தவர்களை இங்கே அழைப்பதுபோல மரியாதையாகக் கூப்பிட்டாள்.

"உஸ்தா, கேரட்டைக் கையாலயா வெட்டறீங்க?"

"கையாலதான் தங்கச்சி. மெஷின்ல போட்டா சாறெல்லாம் ஓடிடும்" என்றார் சமையல்காரர்.

"கையாலயா?" என்றான் ஷுஹ்ரத். "நான் கோடாலின்னுல்ல நெனச்சேன்!"

பக்கத்து மேஜையில் கரண்டி நின்றது.

"அப்புறம் இந்தத் திராட்சை எதுக்கு உஸ்தா? புலாவ் கேட்டா மிட்டாயையும் சேத்துத் தர்றீங்களே. எங்க மர்கிலானுக்கு ஒரு தடவை வாங்க. சிவப்பரிசியில எப்படிப் பண்றதுன்னு சின்னப் பசங்களே சொல்லித் தருவாங்க."

"வரேன் தம்பி. எனக்கும் கத்துக்கற வயசுதான்" என்றார் உஸ்தா.

பிறகு தேநீர்க் கெண்டியோடு வந்து, இருவர் கிண்ணத்திலும் இரண்டிரண்டு மடக்கு மட்டும் ஊற்றினார். இங்கே கிண்ணம் எவ்வளவு காலியாக இருக்கிறதோ அவ்வளவு மரியாதை. 'இருங்கள், தீரத் தீர ஊற்றுகிறேன்' என்று பொருள். விளிம்புவரை ஊற்றினால், 'குடித்துவிட்டுக் கிளம்புங்கள்' என்று பொருள். வாய் திறந்து யாரையும் துரத்த வேண்டிய வேலை இல்லை.

ஷுஹ்ரத் கிண்ணத்தை எட்டிப் பார்த்தான். "பரவாயில்ல, டீ ஊத்தவாவது தெரிஞ்சிருக்கு."

"மெதுவாப் பேசுங்க" என்றாள் முயஸ்ஸர், பல்லைக் கடித்துக்கொண்டு. "அந்த வீட்டுக்காரர்கிட்டயாவது வாயை மூடிட்டு இருங்க. இந்த வீடும் போச்சுன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்."

"அவன்கிட்ட என்ன பயம்? ரெண்டு மணிக்குத்தான் வரணுமாம். பெரிய மகாராஜா! மத்தியானம் வரைக்கும் குறட்டை விடற சோம்பேறியா இருப்பான். மதியமே முடியற வேலை எந்த ஊர்ல இருக்கு, நீங்களே சொல்லுங்க உஸ்தா?"

உஸ்தா கரண்டியை எடுத்தார். கொப்பரையின் அடியைச் சுரண்டிக் கடைசித் தட்டை நிரப்பினார். மணி சரியாக ஒன்று.

அடுத்த ஒரு மணி நேரம், இந்தத் தெருவின் குணம் கேரட்டின் தடிமனில் எப்படித் தெரிகிறது என்று ஷுஹ்ரத் விளக்கிக்கொண்டே அந்தச் சந்துக்குள்ளேயே சுற்றி நடந்தான். முயஸ்ஸர் மணியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு மணிக்குப் பச்சைக் கதவைத் தட்டினாள். கதவு திறந்தது.

குளித்த ஈரத்தலை, சலவைச் சட்டை, அதே கனத்த உடம்பு.

"வாங்க தங்கச்சி. வாங்க தம்பி" என்றார் உஸ்தா. "இப்பத்தான் தூங்கி எழுந்தேன்."

முயஸ்ஸர் ஷுஹ்ரத்தின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். திராட்சைப் பந்தலுக்குக் கீழே விரிப்பில் அவர்களை உட்காரவைத்து, உஸ்தா கெண்டியை எடுத்தார்.

முயஸ்ஸரின் கிண்ணத்தில் இரண்டு மடக்கு ஊற்றினார். ஷுஹ்ரத்தின் கிண்ணத்தில் விளிம்புவரை.